ஆண்டறிக்கை: நிஜாமுத்தீனுக்குப் போய்வந்தோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, நவராத்திரி கொலு எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புதிதாக நடந்தது ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தில்லியில் ஜங்புரா, போகல் பக்கம் குடியிருக்கும் நமக்கு நிஜாமுத்தீன் என்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறும் ஸ்டேஷன். அந்தப் பெயருக்கு உரிய சூஃபி ஞானி ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவுக்கு நவம்பரில் ஒரு ஞாயிறு காலை 31 பேர் போனோம். நாகூரில் பிறந்த நம் மூத்த உறுப்பினர், எல்லோருக்கும் பாய், அவர்தான் கூட்டிப்போனார். நாகூரின் ஐந்து மினாராக்களும் தூரத்திலேயே கண்ணில் படும். இங்கே பூக்கடைச் சந்துக்குள் வளைந்து வளைந்து நடந்தால் திடீரென்று முற்றம் வந்துவிடுகிறது. முதலில் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவுக்கு சலாம், அப்புறம்தான் குரு என்றார் பாய். இருவரும் மறைந்தது 1325-ல், சில மாத இடைவெளியில்.

பளிங்கும் குவிமாடமுமாகப் பளபளக்கும் அடக்கத்தலக் கட்டடம் 1562-ல் எழுந்தது. பின்னால் வந்தவர்களும் அதில் கைவைத்திருக்கிறார்கள். அதற்கு மேற்கே செம்மணற்கல்லில் நிற்கும் ஜமாஅத் கானா பள்ளிவாசல்தான் மூத்தது. கில்ஜி சுல்தான்களின் காலம். சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் மகன் கிஸ்ர் கான் கட்டியதாகச் சொல்கிறார்கள். மூன்று பகுதிகள், நடுப்பகுதி பெரியது. வளைவின் உள்விளிம்பில் தாமரை மொட்டுகளை வரிசையாகக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். குதுப் மினார் அருகே அலாய் தர்வாசா என்ற நுழைவாயிலில் இதைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். இத்தனை வருடமாக நான் இந்தப் பள்ளிவாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறேன், மனம் கனத்துப்போனது.

சன்னதிக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. நம் வீட்டுப் பெண்கள் வெளியே பளிங்கு ஜாலி (துளையிட்ட கல் தடுப்பு) ஓரமாக உட்கார்ந்து வேண்டிக்கொண்டார்கள். ஜாலியின் துளைகளில் நேர்ச்சைக் கயிறுகள். பெண்களை உள்ளே விடாதது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. அதையும் பதிவு செய்கிறேன்.

பக்கத்திலேயே முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் கப்ரு, அதாவது கல்லறை. 1681-ல் மறைந்தவர். சுற்றிலும் பளிங்குத் தடுப்பு, மேலே கூரை கிடையாது. கப்ரின் நடுவே மண் நிரப்பிப் புல் வளர்ந்திருக்கிறது. ஏழையின் கப்ருக்குப் புல்லே போர்வையாகப் போதும் என்று கல்லில் பாரசீகத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாய் அதைத் தமிழில் சொன்னபோது பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை.

அடுத்து மெஹ்ரோலியில் இன்னொரு சூஃபி ஞானியான குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்குப் போகலாம் என்பது செயற்குழுவின் யோசனை. வர விரும்புகிறவர்கள் இன்றே பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

நன்றி.
செயலாளர்