மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கொடுத்த எண்ணையே பிளெக்ஸிலும் போடுங்கள்: சுயநிதிப் பொறியியல் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை உங்கள் நோட்டீஸ்களைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம்தான். "சார், இந்த காலேஜ் எப்படி?" என்பார்கள். பதில் சொல்ல வேண்டுமே என்று உங்கள் விளம்பரங்களை வரிவரியாகப் படிக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பைபாஸில் நிற்கும் பிளெக்ஸில் '100% பிளேஸ்மென்ட்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதன் கீழே 'அசிஸ்டன்ஸ்' என்று ஒரு குட்டி எழுத்து, அதாவது வேலை தேட உதவி மட்டும்தான். சரி, அதை விடுங்கள், இப்போது பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். அவர்களால் கண்டுபிடிக்க முடியாத இடம் வேறு. ஒரு பேச்சுக்கு, 240 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலாம் வருடத்தில் அரியர் இல்லாமல், கம்பெனி கேட்கும் சதவீதத்துக்கு மேல் இருப்பவர்கள் 100 பேர். இவர்கள் மட்டும்தான் 'எலிஜிபிள்'. அதில் 95 பேருக்கு ஆஃபர் வருகிறது. பிளெக்ஸில் 95 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 40 சதவீதம்கூட வராது. பின்னத்தில் மேலே உள்ள தொகுதியை ஊருக்கே தெரியும்படி எழுதிவிட்டுக் கீழே உள்ள பகுதியைச் சத்தமில்லாமல் மாற்றும் பையனுக்கு என் வகுப்பில் மார்க் கிடையாது.

தொகுதியாவது சுத்தமா என்றால் அதுவும் இல்லை. ஒரே மாணவி மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்று ஆஃபர் என்று எண்ணுகிறீர்கள். ஆஃபர் கடிதம் கிடைத்தும் சேரும் தேதியே வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவர்களின் போட்டோ உங்கள் நோட்டீஸில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. 'அதிகபட்ச சம்பளம்' என்பது ஒரே ஒருவர் வாங்கியது. மீதிப் பேர் என்ன வாங்குகிறார்கள் என்று ஒரு வரியும் இல்லை. போதாக்குறைக்கு, முதல் பேட்ச்கூட வெளியே வராத ஏஐ, டேட்டா சயின்ஸ் பிரிவின் பக்கத்திலும் கம்பெனி லோகோக்கள் வரிசையாக நிற்கின்றன.

தேசிய அங்கீகார வாரியத்தின் என்.பி.ஏ. முத்திரையும் அப்படித்தான். அந்த அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாக, சில வருடங்களுக்குத்தான் தரப்படுகிறது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் கல்லூரிப் பெயருக்கு மேலே ஒட்டினால், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு வரும் பிள்ளை என்ன நினைக்கும்? பேராசிரியர் பட்டியலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆள் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கு காட்டப்பட்ட கதையை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்ததை எல்லோரும் படித்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது போனில் நடப்பது. எங்கள் பிள்ளைகளின் நம்பர் உங்கள் ஆட்களுக்கு எப்படிக் கிடைக்கிறதோ தெரியவில்லை, ரிசல்ட் அன்று மாலையே அழைப்பு வந்துவிடுகிறது. போன வருடம் ஒரு கட்டடத் தொழிலாளி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கவுன்சிலிங்லாம் எதுக்குண்ணே, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை எல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று உங்கள் ஏஜென்ட்கள் சொல்லி, சீட் பிளாக் பண்ண முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் வாங்கிப் போயிருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான அந்தச் சலுகை அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வருபவர்களுக்கு மட்டும்தான். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். தமிழ்நாட்டின் 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் உட்கார்ந்தால் அத்தனையும் போச்சு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசியும் ஏஐசிடிஇயும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. அதைத் திரும்ப வாங்க அவர் எத்தனை நாள் கூலியை விட்டார் என்பது உங்கள் அட்மிஷன் செல்லுக்குத் தெரியாது. "அது ஏஜென்ட் பேசியது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பது யாராம்? டைரியும் சுவர்க் கடிகாரமும் எடுத்துக்கொண்டு எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கே வருகிறார்களே.

விளம்பரத்தில் சொன்னதற்குப் பொறுப்பில்லை என்று தப்பிக்கவும் முடியாது. பீகாரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இல்லாத பல்கலைக்கழக இணைப்பையும் அங்கீகாரத்தையும் இருப்பதாக 1993-ல் விளம்பரம் செய்து ஆள் சேர்த்தது. மாணவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். கல்லூரி இழப்பீடு தர வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஜெயித்தார்கள், ஆனால் அதற்குள் பதினாறு வருடம் ஓடிவிட்டது. கோச்சிங் சென்டர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது. ஜெயித்தவரின் போட்டோவை அவருடைய எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. அவர் எந்தக் கோர்ஸ் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். டியூஷன் சென்டருக்கு இருக்கும் இந்த ஒழுங்கு நாலு வருடப் பட்டம் தரும் உங்களுக்கு வேண்டாமா?

நான் கேட்பது ஒன்றுதான். அதற்காகப் புதிதாக எந்தப் புள்ளிவிவரமும் நீங்கள் திரட்ட வேண்டாம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அட்டவணை கொடுக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்துக்குள் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. சம்பளத்தை எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதுகிறீர்கள், செக் எழுதுவது மாதிரி. அந்த பிடிஎஃப் உங்கள் இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. தில்லிக்குக் கொடுத்த அந்தக் கணக்கையே பைபாஸ் பிளெக்ஸிலும் போடுங்கள். விண்ணப்பிக்காத கல்லூரிகள் அதே கட்டங்களை நிரப்பிப் போடட்டும். ஏஜென்ட் வாயிலும் அந்த எண்ணே வரட்டும்.

இந்த மே மாதம் எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில், சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் அந்தப் பக்கங்களை பிரிண்ட் எடுத்து ஒட்டப் போகிறோம். தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார். கணக்கு கிடைக்காத கல்லூரியின் பெயருக்கு நேராக 'தரவில்லை' என்று எழுதுவோம். ரிசல்ட் வருவதற்குள் அனுப்பிவிட்டால் அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்