174 கிராம் என்று எழுதும் அதே இடத்தில்: டிஸ்க் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டிஸ்க் கால்ஃப் தட்டுகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் மிச்சிகனில், நோவை பக்கம் குடியிருக்கிறேன். உங்களில் டிஸ்கிராஃப்ட் நிறுவனம் இருக்கும் விக்ஸம் எங்களுக்குப் பக்கத்து ஊர். எம்விபி நிறுவனம் இருக்கும் மார்லெட்டுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியை முடித்துக்கொண்டு நாங்கள் நாலைந்து பேர் ஹட்சன் மில்ஸ் பூங்காவுக்குப் போய்விடுவோம். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

தமிழில் எழுதினால் எங்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எங்களைப் போன்றவர்களின் பணப்பை உங்கள் விளம்பரத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் கேட்டதே இல்லை. நீங்கள்தான் ஒருமுறை யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லுங்களேன்.

இந்த ஆட்டம் தெரியாத தமிழ் வாசகர்களுக்கு இரண்டு வரி. கால்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் கூடைக்குள் போட வேண்டும். தூரத்துக்கு டிரைவர், நடுத் தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்குக் கிட்டே வந்ததும் பட்டர். இந்தப் பட்டர் வெண்ணெயும் இல்லை, பெருமாள் கோயில் பட்டரும் இல்லை. ஒரு தட்டின் விலை ஏறத்தாழ இருபது டாலர். பையில் இத்தனைதான் வைக்கலாம் என்ற வரம்பு விதியில் கிடையாது; அதனால் பை நிறைந்துகொண்டே போகும். இதை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் சின்ன வயதில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். சச்சின் மட்டையில் எம்ஆர்எஃப் ஸ்டிக்கர் இருக்கும். அது சென்னையின் டயர் கம்பெனி. சச்சின் அடித்த சிக்ஸருக்கு நான் பணம் கட்டவில்லை; லாரிக்கும் பைக்குக்கும் டயர் வாங்கியவர்கள் கட்டினார்கள். ரசிகன் கையைத் தட்டினால் போதும். உங்கள் விளையாட்டு அப்படி இல்லை. முன்னணி ஆட்டக்காரர் பால் மெக்பெத்துக்கு அடிடாஸ் ஷூ கொடுத்த மாதிரி வெளியாட்கள் எப்போதாவது வருகிறார்கள். மற்றபடி ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் பெரிய ஸ்பான்சர் யாரென்று பார்த்தால் அநேகமாகத் தட்டு செய்கிறவர்தான். அந்தத் தட்டை வாங்குகிறவன் நான். அப்படியென்றால் ஸ்பான்சர் யார்? சட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது. பணம் என் பையிலிருந்து வருகிறது.

இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்த ஆட்டக்காரருக்கு என் காசு போகிறது என்றால் சந்தோஷம்தான். எவ்வளவு போகிறது என்று மட்டும் நீங்கள் சொல்வதில்லை.

மெக்பெத் 2019-இல் இன்னோவா நிறுவனத்தை விட்டு டிஸ்கிராஃப்டுக்கு வந்தபோது நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்றார்கள். 2021 பிப்ரவரியில் அது பத்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் ஆனது. எங்கள் அலுவலகத்தில் இந்த ஆட்டத்தை ‘நாய்க்கு வீசுகிற தட்டு’ என்று கிண்டல் செய்தவர்கள்கூட அன்று என் மேஜைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு ஆட்டக்காரர் ரிக்கி வைசாக்கி டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனத்துடன் ஆண்டுக்குப் பத்து லட்சம் என்று கையெழுத்துப் போட்டதாகச் செய்தி வந்தது. ஒரு சாதாரணச் சுற்றுப்போட்டியை வென்றால் கிடைப்பது பத்தாயிரம் டாலருக்கு அக்கம்பக்கம். எனவே ஆட்டக்காரர்களுக்குச் சோறு போடுவது பரிசுத் தொகை இல்லை, நீங்கள் போடும் ஒப்பந்தம். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்றால், கடை விலை மொத்தமும் உங்கள் கையிலேயே நின்றால்கூட, ஐம்பதாயிரம் தட்டு விற்க வேண்டும். கடைக்காரர் லாபம், பிளாஸ்டிக், கூலி எல்லாம் கழித்தால் இன்னும் எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த ஐம்பதாயிரத்தில் ஏழு என் அலமாரியில் இருக்கின்றன.

தட்டில் ஆட்டக்காரர் பெயரைப் போட்டு விற்பது புதுசு இல்லை. பன்னிரண்டு முறை உலகச் சாம்பியனான கென் கிளைமோவின் பெயரெழுத்துகளோடு வந்த ஏவியார் பட்டரை இன்றைக்கும் பெரியவர்கள் பைக்குள்ளிருந்து பயபக்தியோடு எடுப்பார்கள். மெக்பெத் ஒவ்வொரு உலகப் பட்டம் வென்றதும், எத்தனை பட்டம் என்று அவர் தட்டின் மேல் இருந்த 4 என்ற எண் 5 ஆனது, பிறகு 6 ஆனது. (இந்த வரிசையில் யாராலும் மிஞ்ச முடியாதவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையை உருவாக்கியவர், 1976-இல் பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தைத் தொடங்கியவர். 2002-இல் அவர் இறந்ததும் அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டு வார்த்தார்கள். நாம் காவிரியில் கரைக்கிறோம். அவர் காற்றில் பறக்கிறார்.)

இன்றைய ‘டூர் சீரீஸ்’ கதை வேறு. ஒவ்வொரு ஆண்டும் உங்கள் அணியில் இருக்கும் ஆட்டக்காரர்கள் பெயரில் தனி நிறத்தில், தனி முத்திரையில் தட்டுகள் வருகின்றன. வழக்கமான தட்டைவிட விலை கொஞ்சம் கூட. ‘இதை வாங்குவதன் மூலம் நீங்கள் இந்த வீரரை ஆதரிக்கிறீர்கள், விற்பனையில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது’ என்று அறிவிப்பும் கூடவே வரும். அந்த ‘ஒரு பங்கு’ எவ்வளவு? கால் டாலரும் பங்குதான், ஐந்து டாலரும் பங்குதான். கோயில் உண்டியலில் போடும்போது யாரும் ரசீது கேட்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கோயில் இல்லையே.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு போட்டி பார்க்கப் போயிருந்தேன். முதல் பத்து இடத்தில் இல்லாத, ஆனால் ஆண்டு முழுக்க ஊர் ஊராகச் சுற்றி ஆடுகிற ஒரு பையன், வேனின் பின்கதவைத் திறந்து வைத்துத் தன் பெயர் போட்ட தட்டுகளை விற்றுக்கொண்டிருந்தான். படுக்கை, அடுப்பு, துவைத்துக் காயப்போட்ட காலுறை எல்லாம் அந்த வேனுக்குள்ளேயே. இரண்டு வாங்கினேன். “தம்பி, இதையே நான் கடையில் வாங்கினால் உனக்கு எவ்வளவு வரும்?” என்று ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ‘தம்பி’ மட்டும் மனதுக்குள். சிரித்தான். சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். “ஆனால் இங்கே வாங்கியதற்கு ரொம்ப நன்றி” என்றான். அந்த ‘இங்கே’யில் அவன் கொடுத்த அழுத்தத்திலேயே எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

ஒப்பந்தம் என்றால் இரகசியம்தான், தொழில் அப்படித்தான் நடக்கும் என்று உங்கள் பக்கத்தில் சொல்வீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கோடி டாலர் என்ற எண் மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அது இரகசியமாக இல்லை, ஏனென்றால் அந்த எண்ணே ஒரு விளம்பரம். பெரிய எண்ணை மேடை போட்டுச் சொல்லிவிட்டு, என் இருபது டாலரில் போகும் சின்ன எண்ணை மட்டும் மூடி வைப்பது என்ன கணக்கு? முழு ஒப்பந்தத்தையும் நான் கேட்கவில்லை. அடிப்படைச் சம்பளம், போனஸ், பயணப்படி, எத்தனை வீடியோவில் முகம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கட்டும். 2023 இறுதியில் கேனன் பர் என்ற ஆட்டக்காரர் ப்ராடிஜி நிறுவனத்தை விட்டு விலகி, அந்த நிறுவனம் வழக்குப் போட்டபோது, இந்தச் சின்ன விளையாட்டுக்குள் எவ்வளவு கனமான காகிதங்கள் இருக்கின்றன என்று எங்களைப் போன்றவர்களுக்கும் உறைத்தது. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ‘ஆதரியுங்கள்’ என்று என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்கு மட்டும் விவரம் கேட்கிறேன்.

எண்ணைச் சொல்லிவிட்டால் விற்பனை குறையும் என்று பயமா? 2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். யூட்டாவின் ஆக்டனில் உலகச் சாம்பியன் போட்டி, கடைசிக் கூடை. மெக்பெத் ஓர் எறி முன்னால். ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்த தட்டு நேரே சங்கிலியில் போய் விழுந்தது. சமன். அடுத்த கூடையிலேயே கான்ராட் சாம்பியன். அந்த ஆண்டுதான் அவர் இன்னோவாவை விட்டு எம்விபிக்கு வந்திருந்தார். கையிலிருந்தது என்வி என்ற பட்டர். அதன் பிறகு எங்கள் குழுவில் என்வி இல்லாத பையே இல்லை. அந்தத் தட்டை எங்களுக்கு விற்றது எந்த விளம்பர வாசகமும் இல்லை, அந்த ஓர் எறிதான். அதில் கான்ராடுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் நாங்கள் வாங்காமல் இருந்திருப்போமா? நான் இரண்டாவதும் வாங்கியிருப்பேன்.

இன்னொரு சங்கதி, இது என் சொந்தப் புலம்பல். ஆட ஆரம்பித்த புதிதில் ஒரு சாம்பியன் பெயர் போட்ட டிரைவரை வாங்கினேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. வேகத்தைக் குறிக்கும் ஸ்பீட் எண் 12. சாம்பியன் கையில் அது நானூறு அடிக்கு மேல் அழகாக வளைந்து போகும். என் கையில் முப்பது கஜம் போனதும் இடது பக்கம் வெட்டித் திரும்பிப் புதருக்குள் பாய்ந்தது. ஒரு தடவை இல்லை, அந்தக் கோடை முழுக்க. என் கையில் கோளாறு என்றுதான் நினைத்தேன். வேகமான தட்டுக்கு வேகமான கை வேண்டும், இல்லையென்றால் அது சரிந்துதான் விழும் என்று ஒரு வருஷம் கழித்து ஒரு தாத்தா சொல்லிக் கொடுத்தார். ஸ்பீட் (வேகம்), கிளைட் (மிதப்பு), டர்ன் (முதலில் வளைவது), ஃபேட் (கடைசியில் சரிவது) என்று தட்டில் அச்சடிக்கும் நான்கு எண்களையும் போடுவது நீங்களே. பிடிஜிஏ தட்டின் விட்டம், எடை, விளிம்பு, வளையும் தன்மை ஆகியவற்றைப் பார்த்து அனுமதி தரும். எப்படிப் பறக்கும் என்று சான்று தராது. ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 10 ஆக இருக்கும். இதில் சாம்பியன் பெயரும் சேர்ந்தால் புதிதாக வருகிறவன் கதி அதோகதி. ‘புதியவர்களுக்கு அல்ல’ என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

ஆட்டக்காரர்கள் அணி மாறுவதையும் சொல்ல வேண்டும். சைமன் லிசாட் டிஸ்க்மேனியாவை விட்டு எம்விபிக்குப் போனபோது என் மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவர் பெயர் போட்ட பழைய தட்டு அவன் மேஜையில் இன்னும் நிற்கிறது. அப்படி ஒருவர் போன பிறகும் கிடங்கில் மிச்சமிருப்பது விற்கும்போது அதில் அவருக்குப் பங்கு உண்டா? இதுகூட எங்களுக்குத் தெரியாது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் தட்டைத் திருப்பினால் அடிப்பக்கம் பேனாவால் 172, 174 என்று எடை எழுதியிருக்கும், அல்லது சின்ன ஸ்டிக்கர் இருக்கும். யாரோ ஒருவர் ஒவ்வொரு தட்டாகத் தராசில் வைத்து, ஒரு கிராம்கூட ஏமாற்றாமல் எழுதுகிறார். அவ்வளவு நேர்மை உங்கள் தொழிற்சாலையில் ஏற்கெனவே இருக்கிறது. டூர் சீரீஸ் தட்டில் மட்டும், அதே இடத்தில், அந்த எண்ணுக்குக் கீழே ஆட்டக்காரரின் பங்கையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் கடைக்குப் போவேன். முன்பக்கப் படம் எப்படி இருந்தாலும் சரி, முதலில் திருப்பித்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஹட்சன் மில்ஸில் ஞாயிறு தோறும் புதரில் தட்டு தேடும் ஒருவன்