துட்டிக் கணக்கும் பேரவைக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல முறை வென்ற சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை நாள் பேரவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணி மதிப்பெண் போட்டிருந்தீர்கள். வருகைப் பதிவேடு பள்ளிக்கூடத்துக்குச் சரி. அமைச்சரானவர் பதில் சொல்கிறவர். கேள்விக் கணக்கில் அவருக்குச் சுழியம்தான் விழும். மசோதாக் கணக்கும் உதவாது. நாடாளுமன்றத்திலேயே, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-இல்.

எங்கள் பக்கத்து அளவுகோல் வேறு. துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தாரா, கோயில் கொடை விழாவுக்கு வந்தாரா? என் பெரியப்பாவின் தாய் இறந்த அன்று மழையில் நனைந்தபடி வந்து நின்றார் ஓர் உறுப்பினர்; அவருக்காகப் பெரியப்பா கடைசிவரை அதே சின்னத்துக்கு வாக்களித்தார். இதை நான் கேலி செய்ய மாட்டேன். துட்டி வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்தத் தெருவின் குறையெல்லாம் காதில் விழும். விழுந்தது சென்னை வரை போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் வெள்ளநீரைத் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலிருந்து நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் வறட்டு மண்ணுக்குத் திருப்பும் திட்டம். 2009-இல் தொடங்கிய வேலை. திறந்தது 2025 பிப்ரவரியில். இடையில் ஆட்சி இரண்டு முறை மாறியது. யார் கொண்டுவந்தது என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

அந்த ஆண்டுகளின் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். வேலை இழுத்துக்கொண்டு கிடந்தபோது துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து கேட்டவர் யார்? அமைச்சர் தந்த வாக்கை அடுத்த ஆண்டு நினைவூட்டினாரா? எதிர்வரிசையில் இருந்தபோது மட்டும் கேட்டாரா, தன் கட்சி ஆண்டபோதும் கேட்டாரா? கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரிது. சொந்தக் கட்சி அமைச்சரை விடாமல் நச்சரிக்கப் புதிதாக வந்தவர் அஞ்சுவார். நாலைந்து முறை வென்றவரைக் கட்சி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் செல்வாக்கை எதற்குச் செலவழித்தார் என்று பாருங்கள். பயணியர் நிழற்குடையைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தொகுதி நிதி முதல் முறை வென்றவருக்கும் உண்டு.

நெல்லை மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளுக்கும் தொகுதிக்கொரு திட்டமாக இப்படி ஆண்டுவாரியாக வெளியிடலாமே. கால்வாய்க்கான குறிப்புகளை எடுத்துத் தர நான் தயார். ஓய்வு பெற்றவன், நூலகத்தில் உட்கார நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களக்காடு.