வலது ஓரத்துக்கு வெளிச்சம்

மோல்மேன், பர்மா

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை ஒருவழியாக விட்டுவிட்டது. பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் தமிழ் வகுப்புக்குப் போகிறான். உயிர்மெய் வரிசை முடிந்து இப்போது சின்னச் சின்ன வாக்கியம் படிக்கிறான். பர்மிய எழுத்து எழுதிப் பழகிய கை என்பதால் அவன் எழுதும் தமிழ் எழுத்துகள் எல்லாம் நல்ல வட்டமாக இருக்கின்றன. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சரி, உன் காரின் முன்விளக்குக்கு வருகிறேன். பிரைட் (தூரத்துக்கு அடிப்பது) போட்டால் பரவாயில்லை, டிம்மில் (தாழ்த்தி அடிப்பது) ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒர்க்ஷாப்பில் ஒருவர் 100 வாட் பல்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் எல்இடி போடச் சொல்கிறார், எது நல்லது என்று கேட்கிறாய். இரண்டும் வேண்டாம். வாழ்நாள் முழுக்க வண்டி ஒயரிங் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பல்பைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

உன் பழைய டொயோட்டா கொரோலாவில் இருப்பது எச்4 பல்பாகத்தான் இருக்கும். ஒரே பல்புக்குள் இரண்டு இழை. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60. டிம் இழைக்குச் சரியாக 13.2 வோல்ட் கிடைத்தால் சுமார் 1000 லூமென் வெளிச்சம் தரும். அது நம் ரோட்டுக்குப் போதுமான வெளிச்சம். ஆனால் ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் தடதடவென்று இறங்கிவிடும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும், வாய்க்கால் வழியெல்லாம் கசிந்து கடைமடை வயல் காய்ந்து கிடக்குமே, பழைய வண்டிகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். பேட்டரியில் குறை இல்லை, பல்பிலும் குறை இல்லை, நடுவில்தான் போய்விடுகிறது.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இரண்டு டிம் லைட்டுக்கும் போகிற கரண்ட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே சுற்றி வருகிறது. மெல்லிய ஒயர், தேய்ந்த சுவிட்ச் முனை, பியூஸ் பெட்டியில் துரு, எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு) போல்ட்டில் பச்சைக் களிம்பு. எல்லாம் சேர்ந்து கால் ஓம் தடை இருந்தாலே போதும், 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் 13.8, பல்பில் 11.8 என்றால், வெளிச்சத்தில் பத்தில் நாலு பங்கு அங்கேயே காலி. டிம்தான் ராத்திரி முழுக்க எரிகிறது, அதனால் சுவிட்சில் அதன் முனைதான் முதலில் தேயும். உன் வண்டியில் பிரைட் பரவாயில்லை, டிம் மட்டும் மங்கல் என்பதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. சுவிட்சைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் போகிற வெளிச்சம் அங்கேதான் சூடாகிக்கொண்டிருக்கிறது.

உன் மகனை வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கி வரச் சொல். விலை மலிவானதே போதும். இஞ்சின் ஓடட்டும், டிம் எரியட்டும். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்க்கட்டும். 13.8இலிருந்து 14.4க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் பார்க்க வேண்டிய சமாச்சாரம், லைட் அப்புறம்தான். பேட்டரி சரியாக இருந்தால் பல்பின் கனெக்டருக்குப் பின்பக்கமாக ஊசி நுழைத்து, டிம் கால் ஒன்று, இரண்டு இழைக்கும் பொதுவான கால் (பொதுக் கால்) ஒன்று, இரண்டுக்கும் நடுவே அளக்கட்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. கரண்ட் ஓடாதபோது எவ்வளவு மோசமான ஒயரும் முழு வோல்ட்டைக் காட்டும். பலர் இதில்தான் ஏமாந்து, ஒயர் நன்றாக இருக்கிறது, பல்புதான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே அரை வோல்ட் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். ஒன்றரை, இரண்டு என்றால் வேலை இருக்கிறது.

முதல் வேலை எர்த். லைட்டுக்குப் பின்னால் பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் ஒயரைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். ரங்கூன் ஈரத்துக்கும் எங்கள் கடற்கரைக் காற்றுக்கும் இந்த ஒரு வேலையிலேயே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

அதற்குப் பிறகும் வோல்ட் குறைந்தால் ரிலே போடு, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். இதைத்தான் நான் உனக்கு மனசாரச் சொல்வேன். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பக்கத்திலேயே பியூஸ், அங்கிருந்து ரிலே, ரிலேயிலிருந்து நேராகப் பல்பு. பழைய சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலை மட்டும்தான் இருக்கும், பல்பின் சுமை அதன் மேல் விழாது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குக் குறையக் கூடாது. இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனிப் பியூஸ் போடச் சொல். ஒரே பியூஸ் போட்டு அது நடுராத்திரியில், பாலத்தின் மேல், போய்விட்டால் இரண்டு கண்ணும் ஒன்றாக அணைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதாவது பல்பின் பொதுக் காலுக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துவிடும், சுவிட்ச் டிம் ஒயரையோ பிரைட் ஒயரையோ எர்த்தில் சேர்க்கும். கடையில் விற்கிற ரெடிமேட் ரிலே செட் அதற்கு நேர்மாறாக நினைத்துச் செய்தது. பார்க்காமல் மாட்டினால் லைட் எரியவே எரியாது, அல்லது டிம் போட்டால் பிரைட் எரியும். லைட்டைப் போட்டுவிட்டு, பொதுக் காலுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 12 வோல்ட்டுக்கு மேலே காட்டினால் உன் வண்டி அந்த ஜாதி. அப்போது ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு ஒரு பக்கம் அந்தப் பாசிட்டிவ், மறுபக்கம் பழைய டிம் ஒயர் என்று கொடுக்க வேண்டும். வேலை பார்க்கிற பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு.

100 வாட் பல்பு ஏன் கூடாது என்பது இப்போது உனக்கே புரிந்திருக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற ஒயரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். கனெக்டர் உருகி நிற்கிற வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்இடி வேறு ரகத் தொந்தரவு. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்தச் சின்ன இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துச் செய்தது. எல்இடி சில்லுகள் அதே இடத்தில் அதே அளவில் உட்காராவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். வண்டிக்கு முன்னால் பத்து அடி பளபளவென்று இருக்கும், நமக்கும் ஆகா என்று தோன்றும். அந்தப் பளபளப்புக்குக் கண் சுருங்கிக்கொள்வதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். எதிரே வருகிறவன் கதி வேறு.

விளக்கின் முன்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சள் பூத்திருந்தால் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, 800இல் தொடங்கி 2000, 3000 வரை போய், பாலிஷ் போட வேண்டும். அதோடு விட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். வெயிலைத் தாங்குகிற கிளியர் கோட்டும் மேலே அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரைத் துணி போட்டுத் துடைக்க விடாதே. அலுமினியம் ஆவியாகப் படிந்த மெல்லிய பூச்சு அது, துடைத்தால் கையோடு வந்துவிடும். அது மங்கியிருந்தால் விளக்கையே மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இதெல்லாம் எந்த ஊர் பழைய காருக்கும் பொதுவான பேச்சு. நம் நாட்டு விஷயம் வேறு ஒன்று இருக்கிறது வேலு. எனக்கு நிஜமாகவே மனசில் உறுத்துவது அதுதான்.

நாம் பள்ளிக்கூடத்துப் பையன்களாக இருந்தபோது, 1970 டிசம்பரில், வண்டிகள் எல்லாம் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறின. ஞாபகம் இருக்கிறதா? ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. இன்றைக்கும் நம் ஊரில் ஓடுகிற ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங் வலது பக்கம்தான். முந்துவதற்கு இடது சீட்டில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறோம். ஸ்டியரிங்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விளக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிம் லைட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. எதிரே வருகிறவர் பக்கம் தாழ்ந்து, ரோட்டு ஓரத்துப் பக்கம் மேலேறி நீளும். அப்படித்தான் செய்கிறார்கள். ஜப்பானில் ரோட்டு ஓரம் என்றால் இடது. அங்கிருந்து வந்த உன் கொரோலாவின் விளக்கு இடது பக்கம் தூக்கியும் வலது பக்கம் தாழ்த்தியும்தான் அடிக்கும். இங்கே இடது பக்கம் எதிரே வருகிறவன் கண். வலது பக்கம் ரோட்டு ஓரம். அந்த ஓரத்தில் யார் போகிறார்கள் என்று யோசித்துப் பார். சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர், லைட் இல்லாத சைக்கிள், சந்தைக்குக் கூடை சுமந்து போகிற பெண்கள், விடிவதற்கு முன்னால் பிச்சைக்குப் புறப்படுகிற சின்னப் புத்த சாமியார்கள். உங்கள் ரங்கூன் தெருக்களில் மோட்டார் சைக்கிள் குறைவு, இங்கே அதுவும் சேர்ந்துகொள்கிறது. தெருவிளக்கு எரிகிற ராத்திரிகளே குறைந்துபோன காலம் இது. யாரை முதலில் பார்க்க வேண்டுமோ அவர்கள் மேல்தான் நம் விளக்கு படுவதே இல்லை. ஒயரைச் சரிசெய்து முழு வோல்ட் கொடுத்தாலும், வெளிச்சம் தவறான பக்கத்துக்குத்தான் கூடும்.

அதனால் ஒயர் வேலை முடிந்த பிறகு இதையும் பார்த்துவிடு. சமதரையில், காற்றுச் சரியாக இருக்கிற டயரோடு, நீ சீட்டில் உட்கார்ந்திருக்க, சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்து. சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு தெரியும். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைவிட அது 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அந்த விளிம்பு இடப்புறம் மேலேறினால் நான் சொன்ன கோளாறு அதுதான். வலப்புறம் மேலேறினால் நம் ரோட்டுக்கு ஏற்ற விளக்கு.

மாற்றுவதென்றால், இடது ஸ்டியரிங் வண்டிக்கான விளக்கு என்று கேட்டு வாங்கு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற தாய்லாந்துச் சாமான் புத்தம் புதுசாக இருக்கும். ஆனால் தாய்லாந்தும் இடது பக்கம் ஓட்டுகிற நாடுதான், அந்த விளக்கால் நமக்குப் பயனில்லை. சீனாவில் வலது பக்கம், வளைகுடா நாடுகளிலும் வலது பக்கம். அந்தச் சந்தைக்குச் செய்த கொரோலா விளக்கு பொருந்துமா என்று மாட்டுகிற இடங்களை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து முத்திரை இருக்கிற விளக்கு என்றால் கண்ணாடியிலேயே அடையாளம் இருக்கும். விளக்கைப் பார்த்து நிற்கும்போது உன் வலது பக்கமாகக் காட்டும் ஓர் அம்புக்குறி இருந்தால் அது இடது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு. அம்பு இல்லாவிட்டால் நமக்கு ஆகும்.

அது கிடைக்கிற வரைக்கும் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வை. இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்குக் கப்பலில் வண்டி கொண்டுபோகிறவர்கள், தூக்கி அடிக்கிற பகுதியை மறைக்க விளக்குக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள். நீயும் அப்படி ஒட்டலாம். எதிரே வருகிறவருக்குக் கூசாது. வலது ஓரத்துக்கு அதனால் வெளிச்சம் கூடாது என்பதால் அதை நிரந்தரமாக நம்ப வேண்டாம்.

மழையில் மங்கலாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ஈர ரோடு வெளிச்சத்தை நம்மிடம் திருப்பாமல் முன்னால் வழுக்கி அனுப்பிவிடும். எந்தக் காரிலும் அப்படித்தான்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாமல் கேள். நமக்கும் அறுபது தாண்டிவிட்டது. இருபது வயதில் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இந்த வயதில் போய்ச் சேருகிறதாம். கண்ணில் புரை இருந்தால் இன்னும் மோசம், எதிர் விளக்கு பூப்பூவாக விரியும். உனக்கு அப்படித் தெரிகிறதா? தெரிந்தால் கண் டாக்டரிடம் போய்விட்டு அப்புறம் வண்டியை ஒர்க்ஷாப்பில் விடு. நானும் போன வருஷம் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன், இப்போது நன்றாக இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

தை மாதம் கல்யாணத்துக்கு வண்டியில்தான் வருவேன் என்கிறாய். சந்தோஷமாக வா. ஆனால் வேலை முடியாவிட்டால் விடிந்த பிறகு புறப்பட்டு வா. தட்டோனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றாலும் இருட்டுவதற்கு முன்னால் தான்லுவின் பாலத்தைத் தாண்டிவிடலாம். இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் பார்த்துக்கொள். தங்கச்சியையும் கட்டாயம் கூட்டி வா. என் வீட்டுக்காரி நீங்கள் தங்க மாடி அறையை இப்போதே சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

உன் மகன் அளந்ததும் பேட்டரியில் எவ்வளவு, வலது பல்பில் எவ்வளவு, இடது பல்பில் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் எழுதி அனுப்பு. பொதுக் காலில் பாசிட்டிவ் வருகிறதா என்பதையும் சேர்த்து எழுது. அதை வைத்து ஒயரிங் படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பையா