கழித்தலை தனித்தனி விதியா பிரிச்சு போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற மாணவர் பக்கத்த விடாம படிக்கிறேன். அதுல கழித்தல் பத்தி போடும்போது முழு எண்ணுக்கு ஒரு விதி, தசமத்துக்கு ஒண்ணு, பின்னத்துக்கு ஒண்ணு, மைனஸ் எண்ணுக்கு வேற ஒண்ணுன்னு தனித்தனி கட்டம் கட்டி போடறீங்க. விதி எதுவும் தப்பில்ல, ஆனா பிள்ளைங்க எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சையில ஒண்ண இன்னொண்ணோட போட்டு குழப்பிக்கிறாங்க. ஒரே அலகுல இருக்கறத மட்டும்தான், அதாவது பத்துலேருந்து பத்த, நிமிஷத்துலேருந்து நிமிஷத்ததான், கழிக்க முடியும், இத முதல்ல சொல்லிட்டா பாதி விதிக்கு வேலையே இல்ல.

5003லேருந்து 1847 கழிக்கணும்னு வச்சுக்கோங்க. நிறைய பிள்ளைங்க 4844ன்னு எழுதும். ஏன்னா மேல 3, கீழ 7, கழிக்க முடியல, அதனால திருப்பி 7லேருந்து 3 போனா 4ன்னு போட்டுடும், பத்தாம் இடத்துலயும் நூறாம் இடத்துலயும் அதே கதைதான். கடன் வாங்கணும்னு தெரிஞ்ச பிள்ளையும் பக்கத்துல பார்த்தா 0, அதுக்கு பக்கத்துலயும் 0, யார்கிட்ட வாங்கறதுன்னு முழிக்கும். ஆனா 5003ல மொத்தம் 500 பத்து இருக்குங்கறத கவனிச்சா போதும், அதுல ஒரு பத்த மட்டும் உடைச்சு ஒன்றாம் இடத்துல சேர்த்தா அங்க 13, இந்தப் பக்கம் 499 பத்து. 13ல 7 போனா 6, 499ல 184 போனா 315, விடை 3156. மூணு தடவ அடிச்சு அடிச்சு எழுதவே வேணாம். இன்னொரு வழியும் இருக்கு, ரெண்டு எண்லயும் 4 கொறைச்சுட்டா 4999லேருந்து 1843, கடனே வாங்காம அதே 3156 வந்துடும், ரெண்டையும் ஒரே அளவு நகர்த்தினா நடுவுல இருக்கற தூரம் மாறாதுல்ல.

தசமத்துலயும் இதேதான். 5.2லேருந்து 0.37 கழிக்க 5.2ஐ 5.20ன்னு எழுதி புள்ளிக்கு நேரா புள்ளி வச்சா 4.83. பின்னத்துல 3/4லேருந்து 1/6 அப்படியே போகாது, காரணம் துண்டோட சைஸே வேற, ரெண்டையும் பன்னிரண்டுல ஒரு பங்கா மாத்தினா 9லேருந்து 2 போயி 7/12. மணி கணக்குல மட்டும் ஒரு எச்சரிக்கை சேர்த்து போடுங்க, 10 மணி 15 நிமிஷத்துலேருந்து 7 மணி 50 நிமிஷத்த கழிக்கும்போது ஒரு மணிய உடைச்சா வர்றது 60 நிமிஷம், 100 இல்ல. விடை 2 மணி 25 நிமிஷம், கால்குலேட்டர்ல 10.15லேருந்து 7.50ன்னு தட்டினா 2.65ன்னு காட்டும்.

மைனஸ் எண்தான் கொஞ்சம் நிதானமா சொல்ல வேண்டியது. "மைனஸும் மைனஸும் பிளஸ்"னு மொட்டையா சொல்லிக் கொடுக்கறது எனக்கு சுத்தமா பிடிக்கல, அத நம்பி -5 - 3க்கு 8ன்னு எழுதற பிள்ளைங்க எத்தனையோ. அங்க -5லேருந்து இன்னும் 3 கீழ எறங்கணும், விடை -8. ஆனா 7 - (-2) வேற. 7 - 2 = 5, 7 - 1 = 6, 7 - 0 = 7ன்னு வரிசையா எழுத சொல்லுங்க, கழிக்கறது ஒண்ணு ஒண்ணா கொறைய விடை ஒண்ணு ஒண்ணா ஏறுது, அப்ப அடுத்தது 7 - (-1) = 8, அதுக்கடுத்து 9, பிள்ளைங்களே கண்டுபிடிச்சிடும். கி.பி. 628லயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் பிளஸ் எண்ண சொத்துன்னும் மைனஸ் எண்ண கடன்னும் வச்சு இந்த விதிய எழுதியிருக்கார், ஒருத்தர் தலையில இருக்கற கடன எடுத்துட்டா அவர் நிலைமை அந்த அளவு ஏறத்தானே செய்யும்.

அதனால அடுத்த தடவ கழித்தல் பாடம் போடும்போது இந்த எல்லா வகையும் ஒரே பக்கத்துல பக்கத்து பக்கத்துல வர்ற மாதிரி போடுங்க. ஒவ்வொரு கணக்குக்கு கீழயும் விடைய கழிச்ச எண்ணோட கூட்டிப் பார்க்கற வரி ஒண்ணு கட்டாயம் இருக்கட்டும். 4844ஓட 1847 கூட்டினா 6691 வருது, 5003 வரல, வேற யாரும் சொல்லாமலே பிள்ளைக்கு தப்பு எங்கன்னு தேட தோணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்