பெரிய மோட்டார் கேட்டு வருபவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலருக்கு எங்கள் பட்டறை மேல் வருத்தம் இருப்பது தெரியும். போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) இருக்கும் ஒன்றரை ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு மூன்று ஹெச்.பி. இறக்கச் சொல்லி வந்தீர்கள். நாங்கள் மறுத்தோம், அல்லது ஒரு வாரம் பொறுக்கச் சொன்னோம். காசை நீட்டுகிறவரிடம் சரக்கை விற்காமல் திருப்பி அனுப்புகிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒருவர் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நின்று பதில் சொல்ல நேரம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அவர் வண்டியில் ஏறும்போது இன்னொன்றும் கேட்டார். "கடல் நீர் ஆவியாகிறது, மழையாகப் பெய்கிறது, ஆறாக ஓடி மறுபடியும் கடலுக்கே போகிறது. பூமியில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லையே, பிறகு ஏன் தட்டுப்பாடு?" நல்ல கேள்வி. பள்ளியில் எல்லோரும் வரைந்த அந்த அம்புக்குறிப் படத்தில் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு அம்பும் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. காற்றில் ஏறிய நீர் சராசரியாக ஒன்பது பத்து நாளில் இறங்கிவிடும். ஆற்றில் சேர்ந்தால் இரண்டு மூன்று வாரம். கடலில் சேர்ந்தது சராசரியாக 3,000 ஆண்டு அங்கேயே கிடக்கும். மண்ணுக்குள் இறங்கியதைப் பற்றி ஒரே கணக்குச் சொல்ல முடியாது. மேலாக நிற்பது சில வாரங்களில் ஓடையில் தலைகாட்டும். ஆழத்துப் பாறை இடுக்கில் சேர்ந்தது வெளியே வர 10,000 ஆண்டும் ஆகலாம். நம் மோட்டார்கள் தொங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஆறு என்பது கல்லாப்பெட்டி. எப்போது திறந்து பார்த்தாலும் உள்ளே கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் நாள் முழுக்க வரவும் செலவும் ஓடிக்கொண்டே இருக்கும். உலகத்து ஆறுகள் அத்தனையிலும் ஒரு நேரத்தில் இருக்கும் நீர் 2,000 கன கிலோமீட்டர் சொச்சம். மனிதர்கள் ஓர் ஆண்டில் எடுத்துப் புழங்குவதோ சுமார் 4,000 கன கிலோமீட்டர். இருப்பைவிட அதிகமாகச் செலவு செய்தும் கல்லா காலியாகாததற்குக் காரணம் அந்த ஓட்டம். நிலத்தடி நீர் வேறு வகை. இருப்பு மிகப் பெரியது. உலகத்து நன்னீரில் ஏறத்தாழ 30 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. வரவு மட்டும் நத்தை வேகம். நாம் எடுக்கும் நீரில் கால் பங்கு அந்தக் கணக்கிலிருந்து போகிறது.

ஆண்டுதோறும் தரையில் பெய்யும் மழை சுமார் 1,10,000 கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 70,000 மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் மறுபடி மேலே போய்விடுகிறது. மிச்சம் 40,000 கடலை நோக்கி நகர்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கைத்தானே எடுக்கிறோம் என்று தோன்றும். ஆனால் அந்த 40,000-இல் பெரும் பகுதி வெள்ளமாக வந்து நாலு நாளில் வடிந்துவிடும், அல்லது ஆள் இல்லாத காட்டு வழியே ஓடும். சராசரியைக் குடத்தில் மொண்டு வர முடியாது.

எடுத்த நீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். உலக அளவில் 70 சதவீதம் வயலுக்குப் போகிறது, தொழிற்சாலைகளுக்கு 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, வீடுகளுக்கு 12 சதவீதம் போல. வீட்டில் குளித்த நீர் சாக்கடையாகவாவது அக்கம்பக்கத்திலேயே கிடக்கும். சுத்திகரித்தால் மறுபடி பயன்படும். பயிர் குடித்த நீர் இலை வழியே ஆவியாகிக் காற்றோடு போய் எங்கோ ஒரு மலையிலோ நடுக்கடலிலோ பெய்யும். சுழற்சி உண்மைதான். ஆனால் போன நீர் உங்கள் போருக்கே திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

இனி மோட்டார் விஷயம். போன கோடையில் ஒருவர் ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக எரிந்த மோட்டாரைக் கொண்டு வந்தார். ஏற்கெனவே வேறு இடத்தில் சொல்லிப் பெரிதாக மாற்றியிருந்தார். பிரித்ததும் மேசையில் ஒரு பிடி மணல் கொட்டியது. நீரைத் தள்ளும் சக்கரங்களான இம்பெல்லர்களின் விளிம்பு சவர பிளேடு போல மெலிந்திருந்தது. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலில் இருந்த அரக்கு உருகிக் கருகிய நாற்றம் அன்று மாலை வரை போகவில்லை. நடந்தது இதுதான். போரில் நீர் இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் புனல் போல உள்வாங்கும். பெரிய மோட்டார் போட்டால் புனல் இன்னும் ஆழமாகும், அகலமும் ஆகும். பாறை இடுக்கு வழியே நீர் வேகமாக வரும்போது மணலையும் இழுத்து வரும். மட்டம் மோட்டாருக்குக் கீழே இறங்கிவிட்டால் கதை முடிந்தது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே அதை உரசிக்கொண்டு மேலே போகும் நீர்தான். அது நின்றால் காயில் வேகும். இதில் பக்கத்து வீட்டுக்காரரின் போரும் உங்கள் புனலுக்குள் இருந்தால் அவரும் பெரிய மோட்டார் கேட்டு எங்களிடமே வருவார். எங்களுக்கு வியாபாரம்தான், ஆனால் இருவருக்கும் சேர்த்துக் கீழே ஊறுவது முன்பு எவ்வளவோ அவ்வளவுதான்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் தூக்க, எந்த இழப்பும் இல்லாத பம்பாக இருந்தாலே கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். நடைமுறையில் அதைப் போல இரண்டு மடங்கு. மட்டம் 30 மீட்டரிலிருந்து 90-க்கு இறங்கினால் அதே வாளி நீருக்கு மூன்று மடங்கு மின்சாரம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. இரண்டுக்கும் எடையில் உள்ள வித்தியாசம் மிகக் கொஞ்சம். அதனால் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் ஒரு மீட்டர் குறைந்தால், கீழே உப்பு நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறி வரப் பார்க்கும். எங்கள் வேலையில் என்னை இந்த அளவுக்குப் பயமுறுத்திய கணக்கு வேறு இல்லை. ஒருமுறை உப்பு ஏறிய போரை எந்த மோட்டாரும் சரிசெய்யாது.

தரையே இறங்கிய ஊர்களும் உண்டு. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பாசனத்துக்கு இறைத்து இறைத்து, 1925-க்கும் 1977-க்கும் இடையில் ஓரிடத்தில் நிலம் ஒன்பது மீட்டர் அளவுக்குத் தாழ்ந்துபோனது. ஒரு கம்பத்தில் பழைய தரைமட்டத்தை ஆண்டு போட்டுக் குறித்து, பக்கத்தில் ஓர் ஆய்வாளர் நிற்கும் படம் இருக்கிறது. 1925 என்ற பலகை மின்கம்ப உயரத்தில் தொங்கும். களிமண் அடுக்கில் இருந்த நீர் போனதும் அது அமுங்கிவிட்டது. அமுங்கிய களிமண் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழையபடி உப்புவதில்லை.

ஆகவே இனி எங்களிடம் பெரிய மோட்டார் கேட்டு வருமுன் இரண்டு அளவு எடுத்து வாருங்கள். எஃகு டேப்பின் கடைசி மீட்டரில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, காலையில் மோட்டார் போடுமுன் போருக்குள் இறக்குங்கள். மேலே எடுத்ததும் நனைந்த பகுதி கருத்துத் தெரியும். கோடு எங்கே முடிகிறதோ அதுதான் மட்டம். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்திய கையோடு மறுபடி பாருங்கள். டேப்பை இறக்கும்போது மின்சாரம் துண்டித்திருக்க வேண்டும். முடிந்ததும் போரின் வாயை மூடி இறுக்குங்கள், குழந்தைகள் நடமாடும் இடம் என்றால் இரண்டு முறை சரிபாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நீங்கள் கேட்ட மோட்டாரை அன்றைக்கே இறக்கித் தருகிறோம். மட்டம் சரிந்திருந்தால் சிறிய மோட்டாரும் தரைத்தொட்டியும் போதும், இரவெல்லாம் மெதுவாக நிரம்பட்டும். நீர் இல்லாதபோது தானாக நிற்கும் ஸ்டார்ட்டரும் மாட்டித் தருகிறோம். மழைநீரைப் போருக்கு அருகே இறக்க விரும்பினால் மணல், கூழாங்கல் வடிகட்டி வழியே மட்டும். கூரையின் முதல் மழை அழுக்கை வெளியே விட்டுவிடுங்கள்.

டேப் எங்களிடம் மூன்று இருக்கிறது, இரவல் தருகிறோம். துடைத்து, காயவைத்துத் திருப்பித் தாருங்கள். ஒன்று ஏற்கெனவே துருப்பிடித்துப் பாதியில் எண் அழிந்து கிடக்கிறது. சுண்ணக்கட்டி பட்டறைச் செலவு.

அன்புடன்,
உங்கள் மோட்டார், பம்புப் பழுதுபார்க்கும் பட்டறையினர்