நாய்ஸ் ஃபிகர் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

அகலப்பட்டை ரிசீவர்களுக்கான எல்.என்.ஏ. (ஆன்டெனாவை அடுத்து வரும், இரைச்சல் குறைந்த பெருக்கி) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடுத்தடுத்த நிலைகளின் இரைச்சலைச் சேர்த்து மொத்தத்தைச் சொல்லும் ஃபிரிஸ் சூத்திரத்தை அவ்வளவு எளிமையாக விளக்கியிருந்தது நன்றாக இருந்தது. ஆனால் சர்க்யூட்களை நாய்ஸ் ஃபிகரை (சர்க்யூட் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலின் அளவை) மட்டும் வைத்து வரிசைப்படுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். எல்.என்.ஏ.வின் நாய்ஸ் ஃபிகர் 2 டெசிபெல், கெய்ன் (பெருக்கம்) 15 டெசிபெல், அடுத்து வந்து அதிர்வெண்ணை மாற்றும் மிக்சரின் நாய்ஸ் ஃபிகர் 10 டெசிபெல் என்றால் மொத்தம் சுமார் 2.7 வருகிறது. கெய்னை 20 ஆக்கினால் 2.2. சரி, அரை டெசிபெல் லாபம். ஆனால் மிக்சருக்குள் போகிற சிக்னல் எல்லாமே 5 டெசிபெல் கூடிவிட்டதே, அதை யார் தாங்குவது? குறுகிய பட்டை ரிசீவரில் வேண்டாத நிலையங்களை முன்னாலுள்ள ஃபில்டர் தடுத்துவிடும். அகலப்பட்டையில் கதவு திறந்தே கிடக்கிறது.

கட்டுரை தொடாமல் விட்ட முக்கியமான விஷயம் இரண்டாம் படிச் சிதைவு. 90, 105 மெகாஹெர்ட்சில் இரண்டு பலமான எஃப்.எம். நிலையங்கள் இருந்தால், பெருக்கியின் வளைவால் (வெளியீடு உள்ளீட்டுக்குச் சரியான நேர்விகிதத்தில் இல்லாததால்) இரண்டின் கூட்டலான 195 மெகாஹெர்ட்சில் ஒரு போலி சிக்னல் பிறக்கும். குறுகிய பட்டையில் அது வெளியே விழுந்துவிடும், யாரும் கவலைப்படுவதில்லை. 50 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரிசீவரிலோ அது நட்டநடுவில் உட்காரும். அங்கே பலவீனமான நிலையம் ஒன்று இருந்தால், நாய்ஸ் ஃபிகர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை மீட்க முடியாது.

இரைச்சல் நீக்கும் சர்க்யூட்டுக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். அது எனக்கு வருத்தம். நுழைவாயிலில் 50 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு மேட்ச் செய்தால் (ஆன்டெனாவின் மின்தடைக்குப் பொருத்தினால்) அதுவே 3 டெசிபெல்லைத் தின்றுவிடும். காமன் கேட்டில் (சிக்னலை டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையில் கொடுக்கும் அமைப்பில்) மேட்சிங்குக்காக டிரான்ஸ்கண்டக்டன்ஸை (மின்னழுத்தம் கரண்டை எவ்வளவு மாற்றுகிறது என்ற அளவை) 20 மில்லிசீமன்ஸில் கட்டிப்போட வேண்டியிருப்பதால், பழைய நீள்சேனல் டிரான்சிஸ்டர் கணக்குப்படி பார்த்தாலும் 2.2 டெசிபெல்லுக்குக் கீழே இறங்குவது கடினம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் புருக்கோலேரி, கிளும்பரிங்க், நௌட்டா ஆகியோர் 2004இல் வெளியிட்ட வழி இந்தக் கட்டை அவிழ்த்தது. ஃபீட்பேக் ரெசிஸ்டரோடு மேட்சிங் செய்யும் டிரான்சிஸ்டரின் இரைச்சல், அதன் நுழைவாயிலிலும் வெளியீட்டிலும் ஒரே முகமாக (சேர்ந்தே ஏறி இறங்கும்படி) வரும். சிக்னல் எதிரெதிர் முகமாக வரும். நுழைவாயில் மின்னழுத்தத்தை இன்னொரு பெருக்கியால் தலைகீழாக்கி வெளியீட்டோடு கூட்டினால் அந்த இரைச்சல் அழியும், சிக்னல் கூடும். 0.25 மைக்ரான் சிமாஸ் சிப்பில் 150 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை 2.4 டெசிபெல்லுக்குள் நிறுத்திக் காட்டினார்கள். இரண்டாவது பெருக்கியின் சொந்த இரைச்சல் மிஞ்சும், அதை அடக்கக் கரண்ட் செலவாகும் என்பதும் உண்மைதான்.

இன்னொன்று. 30 மெகாஹெர்ட்சுக்குக் கீழே ஆன்டெனா கொண்டுவரும் வெளி இரைச்சலே பெரும்பாலும் பெருக்கியின் இரைச்சலை மூழ்கடித்துவிடும். அந்தப் பகுதியில் 1 டெசிபெல்லுக்காக அடித்துக்கொள்வது வீண்.

அடுத்த பகுதியில் அட்டவணை போட்டால் ஐ.ஐ.பி.2, ஐ.ஐ.பி.3 (இரண்டாம், மூன்றாம் படிச் சிதைவை எவ்வளவு தாங்கும் என்ற அளவுகள்), செலவாகும் மின்சாரம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் ஒதுக்குங்கள். நாய்ஸ் ஃபிகரைப் பட்டையின் இரு முனைகளிலும் அளந்து போடச் சொல்லுங்கள். நடுவில் கிடைக்கும் அழகான எண்ணை எல்லோருமே காட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்